பக்கத்து வீட்டு பலூன்

போன தை மாதம், காணும் பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சிக்குப் பக்கத்தில் முக்கொம்பு அணைப் பூங்காவில், அப்பாவின் பலூன் சுடும் கடையில் நடந்தது இது.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலகையில் பலூன்களை வரிசையாகக் கட்டி, ஏர்கன்னை நீட்டி, "வாங்க சார், சுட்டுப் பாருங்க" என்று கூப்பிடுவது அப்பாவின் தொழில். லீவு நாட்களில் முக்கொம்பு, திருவிழா என்றால் ஸ்ரீரங்கம். பலூன் ஊதிக் கட்டுவது அம்மா. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். வரட்டும்.

எங்கள் கடைத் துப்பாக்கியில் குறி பார்க்கிற முள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நேராகக் குறி வைத்தால் குண்டு வலது பக்கம் தள்ளிப் போய்ப் பலகையில் பதியும். ஏன் இப்படி வளைத்து வைத்திருக்கிறீர்கள் என்று அப்பாவை ஒருமுறை கேட்டேன். "நான் எங்க வளைச்சேன்? அதுவா வளைஞ்சுது. நான் நிமிர்த்தல, அவ்வளவுதான்" என்றார்.

சின்ன வயதில் எனக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தபோது அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான். "பலூனைப் பார்க்காத பாப்பா. இடது பக்கத்து வீட்டுக்காரனைப் பாரு." அதாவது, சிவப்பு பலூன் வெடிக்க வேண்டுமென்றால் அதற்கு இடது பக்கம் இருக்கும் நீல பலூனைக் குறி வைக்க வேண்டும். அப்படியே பழகினேன். கல்லூரித் தோழிகள் வந்து வரிசையாகத் தோற்றுப்போவார்கள். நான் சுட்டால் ஒன்றும் தப்பாது.

அந்த வாரம், பள்ளி ஆபீஸ் அறைக்கு ஒரு பழைய சுவர்க் கடிகாரம் பார்க்கப் பெரிய கடைவீதிப் பக்கம் போயிருந்தேன். பழைய சாமான்கள் விற்கும் பாய் கடையில், ஒரு ஹார்மோனியத்துக்குப் பின்னால் அது சாய்ந்து நின்றது. துப்பாக்கி என்றால் எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். இது நான் பார்த்திராத ஜாதி. சாதாரண ஏர்கன்னில் குழலையே பாதியாக மடக்கித்தான் குண்டு போடுவோம். இதில் குழல் மடங்காது. குழலுக்குக் கீழே நீளமாக ஒரு கம்பி. அதை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் ஏறும். மேலே தண்ணீர்க் குழாயின் திருகு போலச் சின்னதாக ஒன்று. திருகினால் ஒரு குழி திறக்கும். அதில் ஈயக் குண்டைப் போட்டு, மறுபடி திருகி மூட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்தில் செய்ததாம். கட்டையில் கைபட்டுக் கைபட்டு, புளியங்கொட்டை மாதிரி ஒரு பளபளப்பு.

கீழே வைக்க மனம் வரவில்லை. பாய் சிரித்துக்கொண்டே, "மன்னார்புரத்துல புதுசா ஓட்டல் திறக்கிறவர் ஒருத்தர் இதைக் கேட்டு வச்சிருக்காரும்மா. செவுத்துல மாட்டணுமாம். கட்டையில ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்கினாத்தான் நிக்குங்கிறாரு" என்றார். நான் துப்பாக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டார் போல. "உங்களுக்கு மனசு இருந்தா எடுத்துட்டுப் போங்க. சுட்டுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சரியா வரலேன்னா கொண்டாந்து குடுத்துடுங்க, அவருக்குப் போகட்டும்."

எனக்கு அது வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. திருச்சியில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் மாசி மாதம் பழைய ஏர் ரைஃபிள்களுக்கு மட்டும் ஒரு போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போன் செய்து, "வேடிக்கை பார்க்க வரலாமா?" என்று கேட்டேன். கலந்துகொள்ளலாமா என்று கேட்கத்தான் எடுத்தேன். வாயில் வந்தது வேடிக்கை பார்க்கிற கேள்விதான்.

போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார மாமி, "என்னடி கொழந்தே, ரங்கனுக்குக் கோதண்டம் வாங்கிண்டு வரயா?" என்றார். ஆமாம் மாமி என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன்பே கடைக்குப் போனோம். அம்மா ஒரே ஒரு மஞ்சள் பலூனை ஊதிப் பலகையின் நடுவில் கட்டினார். "சோதனைக்கு ஒண்ணு போதும்" என்றார்.

அப்பா துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரு கோணல் உண்டு பாப்பா. இதுக்கு எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிட்டா போதும்."

நான் இடது பக்கம் தள்ளிக் குறி வைத்தேன். டப்பென்று பலகையில் சத்தம். பலூன் அசையவில்லை. எங்கள் பலகை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஏற்கெனவே ஓட்டைகள். புதுக் குண்டு எங்கே பட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. வலது பக்கம் தள்ளிப் பார்த்தேன். இல்லை. மேலே, கீழே. இல்லை. அப்பா வாங்கி அவருக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். மூச்சைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மூலைவாக்கில் குறி வைத்து. மஞ்சள் பலூன் காற்றில் ஆடிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"இது நம்ம ஊர்க் கோணல் இல்ல, சீமைக் கோணல். நமக்குப் பிடிபடாது. கொண்டுபோய்க் குடுத்துடு" என்றார் அப்பா.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பாயிடம் சொல்ல வேண்டிய நேரம் நெருங்கியது. ஓட்டல் சுவரும் போல்ட்டும் கண்முன் வந்தன. நான் போர்வையை விரித்தேன்.

"இங்க குடு, நானும் ஒரு தடவை பார்க்கறேன்" என்றார் அம்மா.

நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். இத்தனை வருடத்தில் அம்மா துப்பாக்கியைத் தொட்டதில்லை. "உனக்கு எதுக்கு?" என்றார் அப்பா.

"வீட்டுல எல்லாரும் சுட்டா ஊதறதுக்கு ஆள் வேணாமா? அதான் இத்தனை நாள் கேக்கல. குடுங்க."

கம்பியை நான் இழுத்துக் கொடுத்தேன். குண்டைப் போட்டுத் திருகை மூடினேன். கட்டையைத் தோளில் எப்படி வைப்பது என்று காட்டினேன். "இப்ப எதைப் பார்க்கணும்?" என்று அம்மா கேட்டார். அப்பா பழக்கதோஷத்தில், "பக்கத்து வீட்டுக்காரனை" என்றார்.

"அங்க ஏதுங்க பக்கத்து வீடு? இருக்கறது ஒத்தை பலூன். அடிக்க வேண்டியது இதை. இதை விட்டுட்டு நான் எதுக்கு அடுத்தவனைப் பார்க்கணும்?"

படார்.

மஞ்சள் பலூன் போன இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. அம்மா துப்பாக்கியை என்னிடம் நீட்டிவிட்டு, "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். அப்பா பலகை வரைக்கும் போய் நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "நேரா இருக்குடி, துப்பாக்கி நேரா இருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நினைத்துப் பார்த்தால், நாங்கள் நேராக மட்டும் ஒரு தடவைகூடக் குறி வைக்கவில்லை. நேராக இருக்கிற துப்பாக்கி என்று ஒன்று இருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு எங்கள் வித்தை எதுவும் தெரியாது. அதனால் கண்ணுக்கு எதிரே இருந்ததைப் பார்த்துச் சுட்டார்.

பாய்க்கு அங்கிருந்தே போன் செய்து, நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். "மாஷா அல்லாஹ். ஓட்டல்காரருக்கு நான் ஒரு பெரிய கடிகாரத்தைத் தள்ளிவிட்டுக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். அதே சூட்டில் கிளப்புக்கும் போன் செய்தேன். "போட்டியில கலந்துக்கணும். சொந்த ரைஃபிள் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

போட்டியன்று அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வாசலில் இருந்தவர் எண் அட்டையை அப்பாவிடம் நீட்டினார். "அவருக்கு இல்லைங்க, எனக்கு" என்று வாங்கிக்கொண்டேன். முதல் குண்டு, பழைய பழக்கத்தில், இலக்கு அட்டையின் ஓரத்துக்குப் போனது. பின்னாலிருந்து அம்மா மெதுவாக, "அடுத்தவனைப் பார்க்காதடி" என்றார். பக்கத்து வரிசையில் நின்றவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகக் குறி வைத்தேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கடைசிக் குண்டுகள் எல்லாம் நடு வட்டத்தைச் சுற்றியே விழுந்தன. போட்டி முடிந்ததும், பழைய துப்பாக்கிகள் சேர்க்கிற நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, அந்தத் திருகை ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். என் துப்பாக்கி. நான்தான் அனுமதி கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், இந்தப் பழக்கம் என் கையில் மட்டும் இல்லை. பள்ளியில் எனக்குப் பிளஸ் டூ வகுப்பு எடுக்க ஆசை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பைக் கேட்பேன். கோணலாகத்தான் போகும் என்று நானே நினைத்துக்கொண்டு, வேண்டியதை விட்டுப் பக்கத்தில் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வருடம் தலைமை ஆசிரியையிடம் நேராகவே கேட்டேன். "இதை ஏன் இவ்வளவு நாள் கேட்கல?" என்றார் அவர்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடையில் அந்தக் கோணல் துப்பாக்கிதான் இருக்கிறது. என்னுடையது வீட்டில், பீரோ மேல், போர்வைக்குள். அதை எண்ணெய் போட்டுத் துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: உலகத்தில் கோணலும் உண்டு, ஆனால் எல்லாமே கோணல் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ஒரு தடவை, அம்மா மாதிரி, நேராகப் பார்த்துச் சுட்டுவிட வேண்டும்.