அம்மணியின் வயிற்றுக்குள் ஓர் ஊர்

தலைச்சோலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில் பொங்கல் கும்மி என்றால் அம்மணிதான். காப்பிப் பழம் பறித்துக் காய்த்துப்போன கைகளை அவள் தட்டினால் சில்வர் ஓக் மரத்துக் குருவிகளெல்லாம் எழுந்து பறக்கும்.

அந்த அம்மணிக்கா இந்தச் சோதனை! பல் வீங்கியதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டாள். வீக்கம் வடிந்தது, வயிறு கெட்டது. ஒத்திகையில் பாட்டெடுத்த வேகத்திலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள்.

"ஏனுங்க்கா, பாட்டு இன்னும் முடியலீங்களே! பொங்கலுக்கு நான் பாடிக் குடுக்கட்டுங்களா?" என்று பக்கத்து வீட்டுக் கனகா கூவினாள்.

அம்மணியின் நெஞ்சு வெடித்தது. கும்மியை இன்னொருத்தி நடத்துவதா? அதைப் பார்க்கவா இந்தக் கண்கள்?

ஏற்காட்டு டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பல்லுல இருந்த கெட்ட கிருமியோட, குடல்ல இருந்த நல்ல கிருமியும் செத்திருக்கும். சோறு செரிக்கவும் நோயை எதிர்க்கவும் அதுங்க வேணும். தயிர் சாப்பிடுங்க, பழைய சோத்துத் தண்ணி குடிங்க. சரியாயிரும்."

"கிருமியில நல்லதும் இருக்குதுங்களா?" கணவன் நல்லமுத்து வாயைப் பிளந்தான்.

"கோடிக்கணக்குல குடியிருக்குதுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அம்மணிக்குக் கண் நிறைந்தது. மகன் திருப்பூர் வேலைக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடந்தது. "ஊட்டுல ஆளில்லீன்னு அழுதுட்டிருந்தனே! எனக்குள்ளயே ஒரு ஊரு இருந்திருக்குதுங்க!"

ஆனால் மார்கழிக் குளிரில் தயிர் உறையவேண்டுமே! மோர் ஊற்றிய பால் விடிந்தும் பாலாகவே விழித்தது. மனைவியின் முகவாட்டம் பொறுக்கவில்லை நல்லமுத்துவுக்கு. பனியில் நமுத்துப்போகும் தீப்பெட்டி, உப்பு, அப்பளமெல்லாம் அடுப்புக்கு மேலுள்ள பரணில்தானே இருக்கின்றன? பால் சட்டியையும் அங்கே ஏற்றி, அன்பு மிகுதியில் விறகை அள்ளித் திணித்தான்.

சாயங்காலம் சட்டியை இறக்கினால் கை சுட்டது. உள்ளே மஞ்சள் தண்ணீரில் கட்டி கட்டியாய் மிதந்தது.

"அடப் பாவி மனுசா, அத்தன பேரையும் வேக வெச்சுப்போட்டியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் அம்மணி.

ஒப்பாரி கேட்டு லைனே திரண்டது. "ஆருக்கு என்னாச்சுங்க்கா?" என்று பதறினாள் கனகா.

"நல்லதுங்கெல்லாம் போயிருச்சு கண்ணு! இனி நான் எங்க கும்மி அடிக்கறது?"

நல்லமுத்து தலையைச் சொறிந்தபடி விவரம் சொல்ல, கனகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மணி நிஜமாகவே அழுவதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. கனகா வீட்டில் கெட்டித் தயிர் இருந்தது. ஆனால் விளக்கு வைத்தாயிற்று. விளக்கு வைத்த பின் தயிரை வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடப் போய்விடுவாளே!

கனகா விளக்கைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"தயிரு வாசல் தாண்டாதுங்க்கா. நீங்க தாண்டுங்க! எம் ஊட்டுல உக்காந்து தின்னுங்க. நீங்க இல்லாத கும்மிய ஆரு பாக்கறது?"

அன்றிலிருந்து கனகா, தயிர் உறைவதற்காகச் சட்டியைக் கம்பளியில் சுற்றிப் படுக்கையில் கிடத்தினாள். அவள் புருஷன் சித்தன் தரைக்கு இறங்கினான். "தயிருக்கு இருக்கிற மருவாதி எனக்கில்லீங்க" என்று ஊரெல்லாம் புலம்பினான். அம்மணியோ வேளை தவறாமல் போய் உட்கார்ந்தாள். வயிறு மெல்ல மெல்ல அடங்கியது.

பொங்கலன்று கும்மி களைகட்டியது. பாட்டின் உச்சத்தில் அம்மணி சட்டென்று நின்று வயிற்றில் கை வைத்தாள். கைதட்டல் நின்றது. கூட்டம் கழிப்பறைக்கு வழி விட்டது.

"அக்கா...?" என்றாள் கனகா.

லைன் அதிர ஒரு ஏப்பம் வந்தது.

"சக்கரப் பொங்கலு செரிச்சுருச்சுடி! என்ன பாக்கறீங்க? தட்டுங்க!"

பாட்டு முடிந்தது. அம்மணி வட்டத்தை விட்டு நகரவில்லை. கனகாவின் கையைப் பிடித்து நடுவில் இழுத்து, அடுத்த பாட்டை எடுத்தாள்.