கேள்வி முதலில், பலாப்பழம் பிறகு

எங்கள் மலையில் வளப்பூர் நாட்டு ராசுவின் மகள் கோகிலவாணி 1999இல் பிளஸ் டூ பாஸானபோது, அவள் என்ன ஆகவேண்டும் என்பதை அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். டீச்சர்தான். ராசு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பமே வாங்கி வந்துவிட்டார். அனுப்புவதற்கு எட்டு நாள் இருந்தது.

"அந்தந்த வேலையில இருக்கறவங்களையே கேட்டுப்போட்டுச் சொல்றனுங்கப்பா," என்றாள் கோகிலவாணி.

"கேட்டுக்க கண்ணு. எட்டாம் நாளு கையெழுத்துப் போட்டுரோணும்."

ஒரு ஆட்டுக்குட்டி வாங்குவதற்குள் நாம் நாலு பேரை விசாரிக்கிறோம். ஆயுசுக்கும் செய்யப்போகிற வேலையைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எங்கள் மலையில் அப்படி விசாரிக்கக் கிளம்பியவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

ஆனால் கிளம்பிய விதத்தில் கோளாறு. யாரையாவது பார்க்கப் போனால் நாங்கள் வெறுங்கையோடு போகமாட்டோம். முழுப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, மலைமேல் பெரிய ஊரான செம்மேட்டில் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். அங்கிருந்த குமாஸ்தா பழத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"சிபாரிசெல்லாம் என்னால ஆகாதுங்க. பழத்த எடுத்துட்டுப் போயிருங்க."

அவள் வாயே திறந்திருக்கவில்லை. மறுநாள் நர்ஸ் மாதம்மாளிடமும் அதே கதை. அந்த மணத்தை ஒளித்துவைக்கவா முடியும்?

மூன்றாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. பழத்தை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு மறுபடியும் மாதம்மாள் வீட்டுக்குள் போனாள். "எனக்கு வேலை வாங்கித் தர வேண்டாங்கக்கா. உங்க வேலையில உங்களுக்குப் பிடிக்காதது என்னன்னு மட்டும் சொல்லுங்க."

மாதம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால்வலியில் தொடங்கி, ஊர் ஊராக மாற்றுவது வரை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தார். கடைசியில், "ரத்தம் பாக்கக் கீழ அனுப்புனா, நம்ம சனம் பாதிப் பேரு ரிசல்ட்டோட திரும்பி வாரதில்ல. அங்க லேப் வெச்சிருக்கற சபீராவைப் போய்க் கேளு," என்றார். பழத்தையும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு அதுவே சட்டம். கேள்வி முதலில், பலாப்பழம் பிறகு.

மலையடிவாரத்து ஊரில் சபீராவிடம் அதே கேள்வியைக் கேட்டாள். சபீரா மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கத்தை கத்தையாக ரிசல்ட் சீட்டுகள். பைல் நாடு, ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு என்று எல்லாம் மலை ஊர்கள்.

"நான் எழுதி முடிக்கறதுக்குள்ள இவங்க கடைசி பஸ்ஸுக்கு ஓடிர்றாங்க. இன்னொரு நாள் பொழப்பைக் கெடுத்துக்கிட்டு யாரும்மா வருவாங்க? எனக்குப் பிடிக்காதது இந்த டிராயர்தான்."

மேலே இருந்த ஒரு சீட்டில் பக்கத்து வீட்டு பாப்பாயியின் பெயர். மாதக்கணக்கில் ஆறாத கால் புண்ணுக்கு அந்த அம்மா பச்சிலை கட்டிக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கிய கையோடு கோகிலவாணி மலையேறினாள். பாப்பாயியின் உடம்பில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் காலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

எட்டாம் நாள் ராசு விண்ணப்பமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்குச் சேலத்துல லேப் படிப்புதானுங்கப்பா. நம்ம மலையிலயே லேப் வெக்கோணும்."

"ஊசி குத்தற வேலைக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

அவள் வாதாடவில்லை. "அப்பா, உங்க வேலையில உங்களுக்குப் பிடிக்காதது என்னங்க?"

ராசு மிளகு பறிப்பவர். மிளகுக்கொடி படர்ந்த சவுக்கு மர உயரத்துக்கு ஏணி போட்டு ஏறுவார். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"மேல ஏறினா தல சுத்துது சாமி. முப்பது வருசமா ஒருக்காக்கூடக் கீழ பாத்ததில்ல."

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"யாரு கேட்டா?"

ராசு விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "சேலத்துக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றார்.

படித்து முடித்துச் சபீராவிடம் இரண்டு வருடம் வேலை பழகி, 2004இல் செம்மேட்டில் ஒரே அறையில் லேப் திறந்தாள். முதல் ஆளாகக் கையை நீட்டியவர் ராசுதான். ஊசியைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடப் பழக்கமல்லவா. அடுத்து, தன் இரண்டு காலில் நடந்து வந்து பாப்பாயி உட்கார்ந்தார்.

அன்று வந்தவர்கள் பதினொரு பேர். கடைசி பஸ் கிளம்பிய பிறகு கோகிலவாணி மேசை இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சீட்டுகூட இல்லை.