கடுகண்ணாவைக்கு அனுப்பாத மருமகள்

எனக்கு வயது எழுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். அம்மை, கூகைக்கட்டு, கக்குவான் என்று எல்லாமே என் வீட்டுக்குள் வந்து போயிருக்கின்றன. ஒரு பிள்ளையையும் நான் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகும். ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

கொரோனா இரண்டாம் தடவை பரவிய நேரம். குண்டசாலை வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் கடைசி மகன், அவன் பெண்சாதி. மகனுக்குக் கண்டி டவுனில் புடவைக் கடையில் வேலை. மருமகளுக்கு ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. எங்கள் ஆட்களில் தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து அழைத்துப் போவார்கள். தவறினால் ஒன்பதாம் மாதம்தான். எட்டாம் மாதத்தில் வாசல் தாண்ட விடமாட்டோம்.

அவள் தாய் வீடு கடுகண்ணாவையில். அவளுடைய அப்பாவுக்கு இழுப்பு நோய். மழைக்காலத்தில் இரண்டு படி ஏறினாலே நெஞ்சு விசிலடிக்கும். வியாதி அவரைத் தொட்டால் தாங்கமாட்டார் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

கடையில் கூட வேலை செய்கிறவனின் தகப்பன் வத்தேகமவில் செத்துப் போனார். மகன் இன்னும் நாலைந்து பேரோடு வேன் பிடித்துப் போய் முகம் பார்த்துவிட்டு வந்தான். நான் பின்பக்கக் குழாயடியில் மஞ்சள் தண்ணீரோடு நின்றேன். உடுப்பை அங்கேயே கழற்றிப் போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று மூன்று பேரும் நினைத்தோம். தீட்டுக்கு அது சரி. அவன் மூக்குக்குள் எது வந்து உட்கார்ந்திருந்தாலும் அதற்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேராது. அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் பெண்சாதியோடு ஒட்டி உட்கார்ந்துதான் டிவி பார்த்தான், சாப்பிட்டான்.

பிறகு கடையில் இருந்து போன் வந்தது. வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனுக்குக் கொரோனா.

அன்று பின்னேரமே சுகாதாரப் பரிசோதகர் வந்து, பதினாலு நாள் யாரும் வெளியே போகக்கூடாது என்று கேட்டில் சிவப்புத் தாள் ஒட்டினார். சிங்கள ஆள். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"மகன் ஒரு ரூம், மருமகள் ஒரு ரூம். அம்மா நீங்க குசினிப் பக்கம். பிளேட்டும் வேற வேற."

"யாருக்கும் ஒண்ணுமில்லையே மாத்தயா. ஒரு தும்மல்கூட இல்ல" என்றேன்.

"தும்மல் வர முந்தியே அடுத்த ஆளுக்குப் போகும் அம்மா. சிலருக்குத் தும்மலே வராது. அதுதான் பிரச்சினை."

"அப்ப எந்த நாள்ல இருந்து எண்ணுறது?"

"மகனுக்கு வேன்ல வந்த நாள்ல இருந்து பதினாலு. உங்க ரெண்டு பேருக்கும், மகனோட ஒண்ணா இருந்த கடைசி நாள்ல இருந்து. அது இன்னைக்கு."

மகனை விட எங்களுக்குத் தள்ளிப் போனது. மருமகள் விரலை மடக்கிப் பார்த்தாள். நானும் மனதுக்குள் பார்த்தேன். எங்கள் எண்ணிக்கை முடிவதற்குள் ஏழாம் மாதம் முடிந்துவிடும்.

அடுத்த நாள் வந்து மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். மூன்று பேருக்கும் இல்லை என்று பதில் வந்தது. பரிசோதகர் போனில் சொன்னார்: "இப்ப இல்ல. உள்ளுக்குள்ள வளருதா இல்லையான்னு இன்னும் சொல்ல ஏலாது. கேட்டைத் திறக்க வேணாம்." எனக்கு 'இல்லை' மட்டும்தான் காதில் விழுந்தது.

மருமகள் வீட்டுக்கும் அந்த 'இல்லை' போய்விட்டது. அவர்கள் பார்த்த நல்ல நாள் வியாழக்கிழமை. அன்று காலையிலேயே கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தியம்மா முகத்தில் மாஸ்க்கும் கையில் பெரிய பையுமாக இறங்கினார்.

"சம்பந்தி, கேட்டத் தொறங்க."

"தாள் ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தாள் ஒங்க மகனுக்கு. எம் மகளுக்கு ஒண்ணுமில்லன்னு டெஸ்டுல வந்துருச்சே. பொறகு என்னத்துக்குப் பூட்டி வச்சிருக்கீங்க? வேலைக்கு ஆளில்லையா வீட்டுல?"

"சமைக்கிறது நானு. ஒங்க மக சாப்புடுறதோட சரி."

பக்கத்து வீட்டு ஜன்னல் திரை விலகியது. சம்பந்தியம்மா கம்பியோடு ஒட்டி நின்று குரலைத் தாழ்த்தினார்.

"பின்பக்கத்தால ஒழுங்கையில இறங்கி வரச்சொல்லுங்க. ஆட்டோ அங்க வரும். கடுகண்ணாவை எந்தத் தூரம். யாருக்குத் தெரியப்போவுது?"

சம்பந்தியம்மா சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. தலைப்பிள்ளை. நல்ல நாள். இல்லை என்று பதிலும் வந்துவிட்டது. உள்ளே போய்ப் பின்கதவுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போது மருமகளின் அறை ஜன்னல் திறந்தது.

"அம்மா, நான் வரல."

"என்னடி வரல? எட்டாம் மாசம் பொறந்துரும்டி."

"பொறக்கட்டும். அப்பா எங்க படுக்கிறாரு?"

"எங்க படுப்பாரு. முன்னறையிலதான்."

"நான் வந்தா அந்த முன்னறையிலதான் இருக்கணும். அவரு என்னைய விட்டுட்டுத் தள்ளிப் போய் ஒக்காருவாரா? சொல்லுங்க."

சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒம் மாமியா சொல்லிக்குடுத்தாளா?" என்று கேட்டார்.

"அவங்க சாவியோட நிக்கிறாங்க, பாருங்க. சொல்லிக்குடுத்த மாதிரியா இருக்கு?"

நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சம்பந்தியம்மா பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டினார். "தின்னு தீருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினார். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு. பங்கு பிரித்து இரண்டு கதவடியிலும் வைத்துவிட்டுக் குசினியில் அடுப்பருகே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். புளிச்சோறு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு காதை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த அறையில் ஒரு செருமல், இந்த அறையில் கட்டில் கிரீச்சிடுவது. செருமினால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கதவடியில் நிற்பேன். "தொண்டைய சரி பண்ணினேன் அத்த" என்பாள்.

அப்படி நிற்கும்போதுதான் பழைய அம்மை ஞாபகம் வந்தது. மூத்தவனுக்கு அம்மை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தோம், வேப்பிலையைக் கூட அள்ளி எறிந்தாயிற்று. சில நாளில் அடுத்தவளுக்குப் போட்டது. அவளுக்குத் தண்ணீர் ஊற்றின பிறகு அதற்கடுத்தவன். ஆத்தா ஒவ்வொரு பிள்ளையாக முறை வைத்துப் பார்க்க வருகிறாள் என்று சொல்லுவோம். ஒன்றாய் விளையாடின நாளிலேயே அது அடுத்த பிள்ளைக்குள் போயிருக்கும். வெளியில் முத்து தெரிய அத்தனை நாள் எடுத்திருக்கிறது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டுதானே இருந்தது. பரிசோதகர் சொன்னதும் இதுதான் என்று அப்போது விளங்கியது. விளங்கினதும் பயம் கூடியது.

சனிக்கிழமை பகல் மருமகளின் கதவடியில் சோறும் ரசமும் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கேட்டாள்:

"அத்த, ரசத்துக்குப் பெருங்காயம் போடலையா?"

"போட்டேனே."

"மணக்கவே இல்லையே."

என் கையில் இருந்த கரண்டியை மேசையில் வைத்தேன். "சவுக்காரத்த மோந்து பாரு" என்றேன்.

சோப்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இல்ல அத்த. அதுவும் இல்ல" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் காய்ச்சல். திரும்பக் குச்சி விட்டார்கள். அவளுக்கும் உண்டு, மகனுக்கும் உண்டு. மகனுக்கு ஒரு இருமல் கிடையாது, ஒரு தலையிடி கிடையாது, கொண்டுவந்தவன் அவன். எனக்கு இல்லை என்றார்கள். எனக்கு மட்டும் எண்ணிக்கை திரும்ப முதலில் இருந்து.

அம்புலன்ஸ் வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், பின்னாலேயே மகனும். நான் வாசற்படியில் நின்றேன், கிட்டப் போகக்கூடாது.

"அத்த, வீட்டுக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அம்மா அழுவாங்க."

சொன்னேன். சம்பந்தியம்மா அழவில்லை.

"வியாழக்கிழமை கூட்டிட்டு வந்திருந்தா..." என்றார்.

"வந்திருந்தா இன்னிக்கி அங்க, முன்னறையில காய்ச்சல்."

"இவரு பக்கத்துலதான் நிக்கிறாரு. மூச்சு சத்தம் கேக்குதா சம்பந்தி?"

"கேக்குது."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்த மனிதர் மூச்சு இழுப்பதையும் விடுவதையும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒக்சிஜன் வைத்தார்கள். நான் தினமும் போன் எடுத்து ஒன்றுதான் கேட்பேன்: "அசையுதா?" "அசையுது அத்த." இரண்டு சொல் சொல்வதற்குள் மூச்சு வாங்கும். ஒரு நாள் முழுப் பின்னேரமும் போன் வேலை செய்யவில்லை. ஆறு பிள்ளை வளர்த்த எனக்கு அந்தப் பின்னேரம் கைகால் ஓடவில்லை. விளக்கு வைக்கும் நேரம் அவளே எடுத்தாள். சார்ஜ் இறங்கிப் போச்சாம். திட்ட வாயெடுத்தேன், திட்டு வரவில்லை.

பிழைத்து வந்தாள். எட்டாம் மாதம் என்னோடுதான் இருந்தாள். ஒன்பதில் கடுகண்ணாவைக்குப் போனாள், அங்கே பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைத்த அன்று அவள் அப்பாதான் மடியில் வைத்திருந்தார், ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருக்க, சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னிக்கி நீங்க தொறந்திருப்பீங்கதானே?" என்று காதோடு கேட்டார். "தொறந்திருப்பேன்" என்றேன். "நானும் கூட்டிட்டுத்தான் போயிருப்பேன்" என்றார்.

அந்தக் குழந்தை இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். என் கட்டிலில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"முடிச்சிட்டீங்களா அப்பாயி?"

"முடிச்சிட்டேன். இந்தா, மொதல்ல இருந்து வாசி கண்ணு. அவசரப்படாம, சத்தமா வாசி. ஒங்கம்மா குசினியிலதான் இருக்கா, அவளுக்கும் கேக்கட்டும்."