பத்தொன்பது பேருக்குத் தனி நாடு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை நான் தனி நாடு கேட்டேன்.

பதற வேண்டாம். பிரிக்கச் சொன்னது எங்கள் சர்ச் கொயரைத்தான். பெங்களூரு மர்பி டவுனில் பத்தொன்பது பேர் சேர்ந்து தமிழிலும் கன்னடத்திலும் பாடுகிறோம். தமிழுக்கு ஒன்று, கன்னடத்துக்கு ஒன்று என்று இரண்டாக்கிவிடலாமே என்றேன்.

காரணம்? மொழி உரிமை, பண்பாட்டுத் தனித்துவம்... என்றெல்லாம் பேசினேன். உண்மைக் காரணத்தின் பெயர் மனோகர்.

நான்கு வருடங்களுக்கு முன் வந்து சேர்ந்தவர். அதுவரை கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாடும் சரணம் எனக்குத்தான். அவர் வந்த வருடமே அவருக்குப் போய்விட்டது. குரல் அப்படி — ‘தேன்’ என்று எழுதக் கை வரவில்லை. சுமாராக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாடும்போது, கொயரிலேயே இருக்கும் என் மனைவி சுகுணா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நான் பாடும்போதும் மூடுவாள். அது வேறு மாதிரி.

மனோகர் கன்னடக்காரர். என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவார். தமிழ்ப் பாட்டைக்கூடக் கன்னட எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார். ஆகவே கொயரைப் பிரித்தால் அவர் அந்தப் பக்கம், சரணம் என் பக்கம்!

ரிகர்சலில் எழுந்தேன். ஒட்டாத இனங்களை ஒரே நாட்டில் கட்டிவைப்பது கொடுமை என்று ஆரம்பித்து, செக்கும் ஸ்லோவாக்கும் ரத்தம் சிந்தாமல் பிரிந்த கதைக்கு வந்தேன்.

“நாப்பத்தேழுல நாமளுந்தான் பிரிஞ்சோம். அதையும் சொல்லுங்க பிரதர்” என்றார் கொயரை நடத்தும் ஃப்ளோரா டீச்சர்.

அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன். டீச்சர் விடவில்லை. “சரி, பிரிச்சே பாத்துடலாம். தமிழ் எல்லாம் ஜன்னல் பக்கம். கன்னடம் எல்லாம் கீபோர்ட் பக்கம்.”

முதல் ஆளாக ஜன்னலுக்குப் போனேன். திரும்பினால் பக்கத்தில் மனோகர்.

“நீவு ஆ கடெ...” என்று எதிர்ப்பக்கம் கை காட்டினேன்.

“இன்னா சார் நீங்க! நான் கேஜிஎஃப்ல பொறந்தவன். எங்கப்பா மைன்ஸ்ல வேலை செஞ்சாரு. படிச்சதுதான் கன்னட மீடியம். வூட்ல தமிழ்தான்.”

“அப்போ என்கிட்ட ஏன் நாலு வருஷமா கன்னடம்?”

“நீங்கதான சார் மொத நாளே கன்னடத்துல ஆரம்பிச்சீங்க? பாவம், கஷ்டப்பட்டுப் பழகுறாரு, நடுவுல கெடுக்க வேணாம்னு வுட்டுட்டேன்.”

இரண்டு தமிழர்கள் நான்கு வருடம் கன்னடத்தில் பேசியிருக்கிறோம். அதில் ஒருவர் நன்றாகவே பேசியிருக்கிறார்.

அதற்குள் கீபோர்ட் பக்கமிருந்து ஒரு குரல். “ஏன்ரீ, நான் இங்கயே நிக்கட்டுமா, அங்க வரட்டுமா?”

சுகுணா. ஹாசன்காரி, தாய்மொழி கன்னடம். முப்பது வருடமாக என்னோடு தமிழில் சண்டை போடுகிறவள். எல்லை போடும் அவசரத்தில் மறந்தே போனேன்!

நடுவில் ஐந்து பேர் அசையாமல் நின்றார்கள். அப்பா தமிழ், அம்மா கன்னடம்; அல்லது நேர்மாறாக. “இவங்கள என்ன பண்றது பிரதர்? பாதி பாதியா வெட்டிடலாமா?” என்றார் டீச்சர்.

நாடுகள் விஷயம் இவ்வளவு லேசானதல்ல, தெரியும். வீடு எரிந்தவர்கள், அடி வாங்கியவர்கள் “தனியாகப் போகிறோம்” என்றால், மர்பி டவுனில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு ஒற்றுமைப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால், எங்கே கோடு போட்டாலும் ஒரு சுகுணா அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறாளே? புது நாட்டுக்குள்ளும் பொறாமைப்பட ஒரு மனோகர் வந்துவிடுகிறாரே? பிரிந்துபோன தெற்கு சூடான் தனக்குள்ளேயே அடித்துக்கொள்ளவில்லையா?

ஆகவே, பிரிவினை கேட்டு யார் எழுந்தாலும் முதலில் இதைக் கேட்டுவிடுவது நல்லது — ஐயா, உங்களை அடித்தார்களா, அல்லது அடுத்தவருக்குக் கை தட்டினார்களா?

எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்பினோம். சரணம் வழக்கம்போல் மனோகருக்கு.

வீட்டுக்கு நடந்து வரும்போது பொருமித் தீர்த்தேன். “அந்த ஆள் மட்டும் கன்னடக்காரனா இருந்திருந்தா, தனிக் கொயர் கிடைச்சிருக்கும். நான் பாடியிருப்பேன்.”

“தனி நாடே கொடுத்தாலும் என்னரீ,” என்றாள் சுகுணா, “அங்கயும் இதே குரல்லதானே பாடுவீங்க?”