நின்ற மின்தூக்கியில் 'டேக் ஓவர்'

திருவனந்தபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியருக்கு ஆங்கிலம் கற்பித்துவந்தேன். ஒருநாள் காலை, மூன்றாம் மாடியை அடையுமுன் மின்தூக்கி நின்றுவிட்டது. உள்ளே, முன்பே ஏறித் தள்ளுகட்டிலுக்குப் பின்னே மூலையில் சிக்கிய நான், என் வகுப்பில் பயிலும் செவிலி செல்வி, தள்ளுகட்டிலில் நினைவின்றிக் கிடந்த ஒரு பெண். ஸ்கேன் முடிந்து ஐ.சி.யூ.வுக்குத் திரும்பும் வழி. இடம் போதாமையால் மருத்துவரும் ஊழியரும் படியேறிச் சென்றிருந்தனர். நோயாளியின் தொண்டைக் குழாயில் பொருத்திய ஆம்பு என்னும் காற்றுப் பையைச் செல்வி அழுத்தினால்தான் மூச்சு.

"சரியாக்க ஒரு இருபது மினிட்டு ஆகும் சாரே" என்றது ஒலிபெருக்கிக் குரல்.

முந்தைய நாள்தான் 'டேக் ஓவர்' என்பதற்குப் பலகையில் ஐந்து பொருள் எழுதியிருந்தேன். ஒரு நிறுவனம் மற்றொன்றைக் கைக்கொள்வதை விளக்கவே பாதி நேரம் போயிற்று. பொன்முடித் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த செல்வி அன்று ஒரு வாக்கியமும் சொல்லவில்லை. 'வாய் திறப்பதில்லை' என்று குறித்துவைத்தேன்.

சற்று நேரத்தில் செல்வி என் பக்கம் திரும்பினார்.

"கை மரத்துப்போச்சு சாரே. நீங்க பிடிக்கணும்."

"எனக்குத் தெரியாதேம்மா!"

"பேடிக்காதீங்க, பயம் வேண்டாம். அஞ்சு எண்ணி ஒரு அமுக்கு. நெஞ்சு ஏறுதான்னு பாருங்க. என் கை மேல கை வைங்க."

வைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

"சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"டேக்கிங் ஓவர்னு. வாயால சொல்லாம எங்க வார்டுல யாரும் கை விடமாட்டோம். அஞ்சு அர்த்தம் எழுதினீங்கல்லா? இப்ப 'பொறுப்பை ஏத்துக்கிறேன்'ங்கற ஒண்ணு போதும்."

சொன்னேன்.

"கேக்கல சாரே."

உரக்கச் சொன்னேன். "தந்தாச்சு" என்று கையை விலக்கினார். ஐந்து எண்ணி அழுத்தினேன். அந்தப் பெண்ணின் நெஞ்சு எழுந்தது. பெயரும் அறியாத ஒருவருடைய உயிர் என் உள்ளங்கையில் இருந்தது. எத்தனையோ ஆண்டுகள் கற்பித்த சொல்லை அன்றுதான் முதன்முறை பேசினேன் என்று தோன்றியது.

விரல்களை நீவிவிட்டுச் செல்வி அதே சொல்லைச் சொல்லித் திரும்ப ஏற்றார். இப்படி மூன்று முறை மாறினோம். ஒரு மூச்சும் தவறவில்லை.

கதவு திறந்தது. மருத்துவர் பாய்ந்து வந்து பையைப் பற்றினார். செல்வி விடவில்லை.

"சொல்லுங்க டாக்டர்."

அவர் சொன்னார். அதன்பிறகே செல்வி விட்டார்.

அன்று என் குறிப்பேட்டில் 'வாய் திறப்பதில்லை' என்ற வரியை அடித்தேன். கற்பிக்க வரும் இளையோரே, இச்சொல்லுக்கு நான் இப்போது பலகையைத் தொடுவதில்லை. ததும்பும் நீர்க்குவளை ஒன்றை மாணவர் கையில் வைக்கிறேன்; அவர் 'டேக்கிங் ஓவர்' என்று வாயால் சொல்லும்வரை என் கையை எடுப்பதில்லை.