வெளுக்காத சிவப்பு

சுடலைமணி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனாலும் தென்காசி வட்டாரத்துக் குருவிகளின் போக்குவரத்தை அவரைப்போல் அறிந்தவன் இன்னொருவன் பிறக்கவில்லை; இதை அவரே சொல்வார், சத்தமாகவே சொல்வார். பிசான நெற்பயிர் பால் பிடித்தால் கீழப்பாவூர் வயலில் நெல்லுக்குருவி கூட்டமாக இறங்கும். மஞ்சள் குருவி சில வருடம் தை மாதத்தில் தலைகாட்டும், சில வருடம் வராமலே போகும். இந்த அறிவை வைத்துக்கொண்டு வலை விரித்து, பிடித்த நெல்லுக்குருவிக்குத் துணிச்சாயம் பூசி, குற்றாலம் கடைத்தெருவில் ‘சிங்கப்பூர் குருவி’ என்று இருபது வருடம் விற்றார். தனி ஆளாய் நின்று மச்சு வீடு கட்டியதும் அதில்தான்.

போன வருடம் வனத்துறை பிடித்தது. இனி கையில் ஒரு குருவி இருந்தாலும் ஜெயில் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். வலையை எரித்துவிட்டு நேந்திரம் சிப்ஸ் கடை போட்டார்.

கார்த்திகை மாதம். அருவிக்கரை முழுக்க ஐயப்ப சாமிமார். காலையிலிருந்து வனத்துறை ஜீப் மூன்றாம் தடவையாக மெதுவாகக் கடைத்தெருவைக் கடந்து போயிற்று. அது திரும்பி வருவதற்குள், எதிர் லாட்ஜ் மேனேஜர் மசூது ஒரு துண்டைச் சுருட்டிப் பிடித்தபடி வந்தான்.

“அண்ணாச்சி, உங்க சரக்கு எங்க கண்ணாடியில முட்டி விழுந்து கிடந்துது. மறுபடியும் ஆரம்பிச்சிட்டியளா?”

துண்டுக்குள் தலை முதல் மார்பு வரை சிவந்த ஒரு குருவி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சுடலைமணி தெருவின் இரு பக்கமும் ஜீப்பைத் தேடிப் பார்த்தார்.

“ஏலே, இது பொறவிச் செவப்புலே! வடக்க இருந்து ஐப்பசியில வரும், பங்குனியில போயிரும். பண்பொழி மலையடியில மூங்கில் காட்டுல நிக்கும். துண்ட மூடி எடுத்துக்கிட்டுப் போ.”

பக்கத்துப் பூக்கடை முத்துசெல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணாச்சி சாயமே வெளுத்துப் போச்சு, குருவிச் சாயம் வெளுக்காதாக்கும்!”

சிரிப்பு கடை கடையாகத் தாவியது. சிவப்புக் குருவி என்றாலே சாயம்தான் என்று அந்தத் தெருவைப் பழக்கியதே அவர்தானே. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூடச் சொன்ன துண்டை அவரே பறித்தார்.

“சட்டி கொண்டா. சோப்பு கொண்டா. என் சாயம் மூணு தண்ணிக்கு மேல நிக்காது. எல்லாரும் பாத்துக்கிடுங்க!”

முதல் தண்ணீர் தெளிவாக இருந்தது. இரண்டாவதும், மூன்றாவதும் அப்படியே. “பாத்தியளா, பாத்தியளா?” என்று நிமிர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஜீப் கடை முன்னால் நின்றிருந்தது. உள்ளங்கையில் இருந்த துடிப்பு எப்போது நின்றதென்று அவருக்குத் தெரியவில்லை.

வனக்காப்பாளர் தங்கபுஷ்பம் இறங்கி வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நெசச் செவப்பும்மா! சோதனைக்கு அனுப்பிப் பாருங்க. ஒரு சொட்டு சாயம் இருந்தா என்னையத் தூக்கி உள்ள போடுங்க.”

“அனுப்பத்தான் போறேன், அண்ணாச்சி.” அவள் குரல் உயரவே இல்லை. “சாயம் இருந்தா பழைய கேஸு. இல்லைன்னா, உசுரோட வந்த காட்டுக் குருவிய இத்தனை பேரு பாக்கக் கழுவிக் கொன்னிருக்கிய.”

மசூது கூட்டத்துக்குள் நகர்ந்துவிட்டான். முத்துசெல்வி தலை நிமிராமல் பூத்தொடுத்தாள்.

தங்கபுஷ்பம் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

“சட்டியையும் தூக்கிக்கிட்டு ஏறுங்க.”