கடைசி ரீலும் காதர் பாயின் ஆண்டெனாவும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சினிமாவை நடுவில் நிறுத்தினேன். என் இரண்டு கைகளாலும்!

நடந்த இடம் மாமல்லபுரம். அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற காதர் பாய் என் பழைய நண்பர். ஆறு மாதமாக அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு டி.வி. இருக்கிறது. ஞாயிறு சாயந்திரம் படம் போட்டால் பக்கத்து மீனவர் குப்பமே வந்து உட்கார்ந்துவிடும். விவசாய நிகழ்ச்சியைக்கூட விடுவதில்லை. “உப்புத் தண்ணிக்கு இன்னா உரம் போடறதுன்னு கேட்டுச் சொல்லு பாய்” என்று கிண்டல் வேறு.

நான் பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் தேதி, தியேட்டர், ஆட்டம், முடிவு என்று நோட்டில் குறித்து வைக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். டூரிங் கொட்டகைக்காரர்கள் ரீலை வெட்டுகிறார்கள் என்று சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் பொரிந்து தள்ளியதும் நினைவிருக்கலாம். முழுசாகக் காட்ட மனமில்லாதவர்களுக்குக் கொட்டகை எதற்கு என்றெல்லாம் கேட்டிருந்தேன். என்ன வீராவேசம்!

அன்றைய படம் ஒரு மீனவனின் காதல் கதை. நம் சினிமா மீனவன் தெரியுமே... வலை நனையாது, தலை கலையாது, பாட்டு வந்தால் மட்டும் துடுப்பு போடுவான். குப்பத்துப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். “இவன் கட்டுமரத்துல ஏறினா மீனே சிரிக்கும்டி!”

சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான். பூங்காவனம். சனிக்கிழமை கடலுக்குப் போன அவள் புருஷன், காலையில் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. மற்றவர்கள் எல்லோரும் கரைக்கு வந்தாயிற்று. நாலு பேர் தேடவும் போயிருக்கிறார்கள். “வூட்ல தனியா குந்திகினு இன்னா பண்ணப்போற? வா” என்று பெண்கள்தான் அவளை இழுத்து வந்திருந்தார்கள்.

நடுவில் செய்திக்காகப் படத்தை நிறுத்தினார்கள். காதர் பாய் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நல்லவேளை சார், இந்தப் படமா வந்துது. கடைசியில படகுல நின்னுகினு கை ஆட்டுவான் பாருங்க... அதோட சுபம். பூங்காவனத்துக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.”

“கை ஆட்டுவான். அப்புறம் புயலில் மூழ்குவானே?”

பாயின் முகம் மாறியது. “யாரு மூழ்கறது?”

“ஹீரோதான். செங்கல்பட்டில் பார்த்தேன். நோட்டில் இருக்கிறது.”

“அய்யய்யோ! நம்ம கொட்டகையில கை ஆட்டறதோட முடிஞ்சுது சார்!”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. கடலுக்குப் போகிறவன் திரும்பாமல் படம் முடியக் கூடாது — இது குப்பத்துப் பெரியவர்கள் கொட்டகைக்குப் போட்டிருக்கும் கண்டிஷன். மறுநாள் விடிந்தால் இவர்கள் கடலில் இறங்க வேண்டுமே! ஆபரேட்டர் கடைசி ரீலை எடுத்துவிட்டு ‘சுபம்’ ஸ்லைடு போட்டுவிடுவாராம். நான் திட்டித் தீர்த்த அதே ஆபரேட்டர்!

“டி.வி.யை நிறுத்திவிடுங்கள் பாய்.”

“நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க சார். கேட்டா என் மூஞ்சே காட்டிக் குடுத்துடும். ஆண்டெனா போனா யாரும் கேக்க மாட்டாங்க. அது தெனமும் போவுது.”

செய்தி முடிவதற்குள் மாடி ஏறினேன். இறுதிக் கட்டம் வந்ததும் கீழேயிருந்து பாய் இருமினார். கம்பத்தைப் பிடித்துத் திருப்பினேன்.

“ஆங்... இப்பதான்யா கண்ணாடி மாதிரி கீது! அங்கியே வுடு சார்!” என்று கீழே ஒரே ஆரவாரம்.

கடல் பக்கம் திருப்பினேன். இன்னும் தெளிவாம்! ஆறு மாதமாகப் பாய் வீட்டு டி.வி.யில் தெளிவாக வராத படம், நான் கெடுக்க நினைத்த அன்றுதான் இப்படி வரவேண்டுமா? பாய் பதறிப்போய்க் கத்தினார்: “சார், போதும் சார்! நல்லா பண்ணாதீங்க சார்!”

“கையை ஆட்டறான்டி!” என்று ஒரு குரல் கேட்டது.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. கையோடு வந்துவிட்டது.

“சே! பேஜாரா பூட்ச்சே!” என்று அலுத்துக்கொண்டார்கள். “வுடுடி, அதான் முடிஞ்சுதே. கைய ஆட்டிட்டு நேரா வூட்டுக்கு வருவான்” என்றாள் ஒருத்தி. எல்லோரும் எழுந்து போனார்கள்.

நான் இறங்கி வந்தபோது மாடிப்படி அடியில் பூங்காவனம் நின்றிருந்தாள்.

“ஒயர இஸ்துட்டியா அண்ணாத்த?”

கையிலிருந்த ஒயரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“செங்கல்பட்டுல எங்க அக்கா வூட்டுக்குப் போனப்ப இதை முழுசா பாத்துட்டேன். அவன் மூழ்கிடுவான்.”

“பிறகு ஏனம்மா வந்து உட்கார்ந்தாய்?”

“எந்தப் படம்னு தெரியாம வந்து குந்திட்டேன். பாதியில எழுந்தா, இவளுங்க இன்னா இன்னான்னு கேட்டு அழ வெச்சுடுவாளுங்க. நான் அழுதா அந்தாளு போயிட்டான்னு ஆயிடும் இல்ல...” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நல்ல நேரத்துல இஸ்த. நான் கண்ண மூடிக்கினு இருந்தேன்.”

கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டாள். எனக்குச் செங்கல்பட்டு பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. சினிமாவைப் பற்றி இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு படம் பார்க்கிறவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா?

புதன்கிழமை காதர் பாயிடமிருந்து கார்டு வந்தது. காற்று இழுத்துக்கொண்டு போய், பூங்காவனத்தின் புருஷன் சதுரங்கப்பட்டினத்துக்கும் தெற்கே கரை ஏறியிருக்கிறார். திங்கட்கிழமை காலை கல்பாக்கம் பஸ்ஸில், துடுப்பும் கையுமாக வந்து இறங்கினாராம்.

வந்தவர் வீட்டில் கேட்ட முதல் கேள்வி: “நேத்து பாய் வூட்ல படமாமே, எப்படி முடிஞ்சுது?”

“இன்னும் முடியல. நீ குந்து, நாஸ்தா துன்னு.”